பருந்து பார்க்க ஒரு சிறு வேன்: நான்கு வலசைப் பருவம் ஓட்டியபின்

முன்னிருக்கைக்கு அடியில் எஞ்ஜின் இருக்கும் ஐந்து இருக்கை பெட்ரோல் வேன். பின்னிருக்கையை மடக்கி மேலே பலகை போட்டால் இரண்டு பேர் படுக்கலாம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை, நான்கு வலசைப் பருவங்கள், பெரும்பாலும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காட்டிலும் நாங்குநேரி, கூந்தன்குளம் குளத்துப் பக்கத்திலும் ஓடியிருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வீடாகப் பார்த்தால் சுமார்தான். பறவை பார்க்கும் மறைவிடமாகப் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது.

காரணம் எளிது. வேலிக்காத்தான் மேல் உட்கார்ந்திருக்கும் பருந்து, நடந்து வரும் ஆளைத் தூரத்திலேயே பார்த்துக் கிளம்பிவிடும். சாலையோரம் நிற்கும் வண்டியை அவ்வளவாகச் சட்டை செய்யாது. ஆனால் கதவைத் திறந்த கணம் அந்தச் சலுகை போய்விடும். அதனால் பைனாகுலர், கேமரா, தண்ணீர், குறிப்பு நோட்டு எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும். பின்பக்கப் பெட்டியில் வைத்த பொருள் இல்லாத பொருளுக்குச் சமம். முதல் பருவத்தில் பெட்டிகளை அழகாக அடுக்கியதெல்லாம் இரண்டாம் பருவத்தில் கழற்றப்பட்டு, ஓட்டுநர் இருக்கை முதுகில் தொங்கும் ஒரு துணிப் பையாக மாறிவிட்டது.

நேரம்தான் திட்டம்

இந்தப் பயணங்களில் ஊரைவிட மணி முக்கியம். பூனைப்பருந்துகள் (ஹாரியர், தரையை ஒட்டிப் பறக்கும் பருந்து வகை) மாலையில் தரிசு நிலத்துப் புல்லில், தரையிலேயே, கூட்டமாக இரவு தங்கும். டிசம்பர் நடுவில் திருநெல்வேலிப் பக்கம் சூரியன் மறைவது ஏறக்குறைய ஆறு மணி. ஐந்து மணிக்கே ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். மண் வரப்பில், உழவுக் கட்டியில் உட்காரும். இருட்டும்போது மொத்தமாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லுக்குள் இறங்கும். நாலரைக்கு வேன் அங்கே நின்று எஞ்ஜின் அணைந்திருக்க வேண்டும், குறைந்தது 300 மீட்டர் தள்ளி. இருட்டியபின் ஹெட்லைட் போட்டுக்கொண்டு புல்வெளி ஓரமாகத் திரும்பக் கூடாது. கிளம்பும் திசையை முன்கூட்டியே பார்த்து வண்டியை நிறுத்திவிட்டால் அந்தப் பிரச்சினையே வராது. தங்கும் இடத்தைத் துல்லியமான வரைபடப் புள்ளியோடு இணையத்தில் போடவும் வேண்டாம்.

மறுநாள் காலை ஆறரைக்கு வெளிச்சம் வரும்போது அவை வரிசையாகக் கிளம்பும். ஏழரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு ஒன்பது, ஒன்பதரைக்குத் தரை சூடேறி வெப்பக்காற்று எழும்போது கழுகுகளும் பெரிய பருந்துகளும் வட்டமடித்து ஏறும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரம் இட்லிக்கும் குளியலுக்கும். பதினொன்றுக்கு மேல் பறவை புள்ளியாகிவிடும், கானல் அலையும். அப்போது பார்ப்பதைவிடத் தூங்குவது மேல். லாட்ஜில் தங்கி வருபவர் அந்த மாலையையோ காலையையோ ஒன்றைத் தவறவிடுவார். வேன் வாங்கிய காசுக்கு நியாயம் அங்கேதான்.

எதைப் பார்த்து அடையாளம் சொல்வது

நிறத்தைக் கடைசியாக வையுங்கள். இளம் பறவை, பெண் பறவை, இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் பறவை எல்லாம் பழுப்புதான். எதிர் வெயிலில் வெள்ளைப் பறவையும் கருப்புதான். பறக்கும் தோரணை, வால் வடிவம், சிறகு நுனியில் விரல்போல் பிரியும் இறகுகளின் எண்ணிக்கை, பிறகுதான் நிறம்.

எல்லாவற்றுக்கும் அளவுகோல் கரும்பருந்து. ஊர்க் குப்பைமேட்டில் ஒரு வாரம் அதை மட்டும் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது. வால் பிளவுபட்டிருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். வாலை முழுக்க விரித்தால் அந்தப் பிளவு மறைந்து நேர்கோடாகிவிடும் என்பதைச் சிலரே சொல்வார்கள். அந்த நொடியில் எடுத்த படம்தான் பிறகு கழுகாகப் பட்டியலில் ஏறும். வாலின் வடிவம் குழப்பினால் அதன் அசைவைப் பாருங்கள்: கரும்பருந்து படகுச் சுக்கான்போல வாலை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கும்.

செம்பருந்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கும்பாபிஷேகத்தன்று வானத்தில் எல்லாரும் தேடும் கருடன் அதுதான்; வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல். சிக்கல் அதன் குஞ்சில். முதல் ஆண்டில் அது பழுப்பாக இருக்கும், கரும்பருந்து என்றே எழுதுவார்கள். வால் நுனி உருண்டையாக இருந்தால், சிறகு கொஞ்சம் குட்டையாகவும் அகலமாகவும் தெரிந்தால், கருடன் வீட்டுப் பிள்ளை.

கரும்பருந்துக் கூட்டத்துக்குள் ஒளிந்து வரும் இன்னொன்று பூட்டட் ஈகிள், குளிர்கால விருந்தாளி. வெளிர் நிற வகையில் குழப்பம் இல்லை: கீழிருந்து பார்த்தால் உடலும் முன்சிறகும் வெள்ளை, பறக்க உதவும் நீண்ட சிறகு இறகுகள் கருப்பு. கருநிற வகைதான் ஏமாற்றும். அது நேரே உங்களை நோக்கி வரும்வரை காத்திருங்கள். கழுத்தும் சிறகும் சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சிறு வெள்ளைப் பொட்டுகள் வண்டி விளக்குபோலத் தெரியும். கரும்பருந்துக்கு அது கிடையாது.

பூனைப்பருந்துகளை இனம் பிரிப்பதுதான் கரிசல் காட்டின் உண்மையான வேலை. தரையை ஒட்டி, சிறகை ஆங்கில வி எழுத்துபோல் லேசாக உயர்த்தி, சாய்ந்து சாய்ந்து போனால் பூனைப்பருந்து. அதில் பெரியது, கனமானது, சிறகு நுனியில் ஐந்து விரல் தெரிவது சேற்றுப் பூனைப்பருந்து. பெண்ணுக்கு உடல் சாக்லேட் நிறம், தலை மட்டும் பாலாடை நிறம், வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை இல்லை. மெலிந்த உடல், நான்கு விரல், வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை என்றால் மான்டேகு அல்லது பாலிட் என்னும் பூனைப்பருந்து இனங்களில் ஒன்று. ஆண் என்றால் பிரிப்பது எளிது: பாலிட் ஆண் வெளுத்த சாம்பல், சிறகு நுனியில் ஒரு கருப்பு ஆப்பு மட்டும். மான்டேகு ஆண் அழுக்குச் சாம்பல், சிறகின் மேற்புறம் நடுவில் கருப்புக் கோடு ஒன்று ஓடும், வயிற்றோரம் செம்பழுப்புக் கீற்று.

பெண்ணும் குஞ்சும்தான் தலைவலி. அங்கே முகத்தைப் பார்க்க வேண்டும். பாலிட் குஞ்சுக்குக் கன்னத்துக் கரும்பிறைக்குப் பின்னால் வெளிறிய கழுத்துப்பட்டை துலக்கமாக இருக்கும், அதற்குப் பின்னால் கழுத்தோரம் இருண்டிருக்கும். மான்டேகுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை அதிகம், கழுத்துப்பட்டை இருக்காது. இது தெரியாத தூரத்தில் பறவை இருந்தால் ‘பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை’ என்று ஈபேர்டில் (பறவைப் பட்டியல் பதியும் இணையதளம்) போடுவதே நேர்மை. அதற்கென்று பட்டியலில் தனி வரியே இருக்கிறது; பயன்படுத்தத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

ஒரே இடத்தில் காற்றில் நின்று கீழே பார்க்கும் பறவை என்றதும் கெஸ்ட்ரல் (சிறு வல்லூறு வகை) என்று எழுதிவிடாதீர்கள். காக்கையைவிடக் கொஞ்சம் சிறிதாக, வெள்ளையாக, சிறகை மேலே தூக்கியபடி மெல்ல இறங்கினால் கருந்தோள் பருந்து. நீண்ட வாலை விசிறிபோல் விரித்து, வால் நுனிக்குச் சற்று உள்ளே கருப்புப் பட்டை காட்டினால்தான் கெஸ்ட்ரல். கழுகு அளவில், ஆந்தைத் தலையோடு, காலைத் தொங்கவிட்டுக் கனமாக நின்றால் பாம்புக் கழுகு. குளத்துக்கு மேல் நின்றால் மீன் பிடிக்கும் விராலடிப்பானாக (ஆஸ்ப்ரே) இருக்கலாம்.

வைரிக்கு (ஷிக்ரா என்னும் சிறு பருந்து வகை) ஒரு எச்சரிக்கை. அக்காக்குயில் அச்சு அசல் வைரிபோலவே பறந்து வந்து உட்காரும். அலகைப் பாருங்கள்: வைரிக்குக் கொக்கி, குயிலுக்கு நேரானது.

கருவிகள்

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், லென்ஸ் 42 மில்லிமீட்டர்) போதும். 10x42-ஐ ஜன்னலில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கலாம்தான், ஆனால் தாழப் பறக்கும் பூனைப்பருந்தைத் தொடர எட்டின் அகலப் பார்வை வேண்டும். ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) மாலைத் தங்குமிடத்துக்கு மட்டும் உதவுகிறது. 30 மடங்குக்கு மேல் போனால் கானலைத்தான் பெரிதாக்குகிறது.

படம் மங்கலாக வருவதற்குப் பலர் லென்ஸைக் குறை சொல்கிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் வேன்தான். ஏசி போட்ட குளிர்ந்த காற்றும் வெளிக்காற்றும் ஜன்னலில் கலக்கும் இடத்தில் படம் நெளியும். இந்த வகை வேனில் எஞ்ஜின் சூடு அணைத்த பிறகும் அரைமணி நேரம் இருக்கைக்கு அடியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். நிற்கப்போகும் இடத்துக்குக் கால்மணி நேரம் முன்பே ஏசியை அணைத்து எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஓட்டினால் பாதி சரியாகும். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி. வானத்தைப் பின்னணியாக வைத்தால் எக்ஸ்போஷரைக் கூடுதலாக ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வைக்காவிட்டால் வயிற்றுப் பக்கம் வெறும் நிழல்.

லென்ஸ் தாங்கும் மூட்டை: பழைய ஜீன்ஸ் கால் ஒரு முழம் வெட்டி, ஒன்றரைக் கிலோ நிரப்பி இரண்டு முனையும் தைத்தது. அரிசி நன்றாகப் படியும், ஆனால் ஒரு மாதத்தில் வண்டு வரும். உமி எடை போதாது. கடைசியில் நிலைத்தது பிளாஸ்டிக் குருணை. அரிசிதான் வேண்டும் என்றால் பயணக் கடைசி நாளில் பொங்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

மின்சாரமும் படுக்கையும்

12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி, அதாவது 1280 வாட் மணி. 18 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 180. போன், கேமரா, விளக்கு எல்லாம் சேர்ந்து 70. ஒரு நாளுக்கு 250 என்றால் வண்டியை நகர்த்தாமலே நான்கு இரவு தாங்கும். இதில் சிறு பிரிட்ஜைச் சேர்த்தால் அது மட்டுமே நாளுக்கு 500 வாட் மணிக்கு மேல் இழுக்கும். இரண்டாம் பருவத்தில் பிரிட்ஜ் இறங்கிவிட்டது. பால் எந்த ஊரிலும் கிடைக்கிறது. பிரிட்ஜ் இல்லை என்றால் 50 ஆம்பியர் மணியே போதுமானது. அந்தப் பணம் வீண்.

லித்தியம் பேட்டரியை வண்டி ஆல்டர்னேட்டரோடு (எஞ்ஜின் சுழற்றும் மின்னாக்கி) நேராக இணைக்காதீர்கள். அது கிடைத்த மின்னோட்டத்தை எல்லாம் உறிஞ்சும். மெதுவாக ஊர்ந்து போகும்போது ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கக் காற்றும் போதாது, சுருள் கருகும். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், 10 சதுர மில்லிமீட்டர் கம்பி, இரண்டு பேட்டரிப் பக்கமும் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பாதுகாப்பு இல்லை, கம்பிக்கு இரு முனையிலும் மின்சாரம் இருக்கிறது.

படுக்கை 12 மில்லிமீட்டர் பிளைவுட், மூன்று துண்டு. எதையும் வண்டி உடலில் போல்ட் போட்டு நிரந்தரமாக்கவில்லை. பட்டை போட்டு இறுக்கியதோடு சரி. இருக்கையைக் கழற்றி அமைப்பை மாற்றினால் ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும், ஆர்சி புத்தகத்தோடு பொருந்தாத வண்டிக்கு இன்சூரன்ஸில் வம்பு வரும். கொசுவலை ஜன்னல் அளவுக்குத் தைத்து ஓரத்தில் காந்தம் வைத்தது. குளத்தோரத்தில் விசிறியைவிட அதுதான் தூங்க வைக்கிறது. அடுப்பை வேனுக்குள் பற்றவைக்கவே கூடாது, மழை பெய்தாலும்.

இரவு நிறுத்த ஏரிக்கரை வேண்டாம். ஊருக்குள் கோயில் மைதானம், கல்யாண மண்டப வளாகம், 24 மணி நேர பெட்ரோல் பங்க். எங்கேயும் கேட்டுவிட்டு நிறுத்தினால் தொல்லை இல்லை. பங்கில் கழிப்பறையும் தீர்ந்தது. தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர், 20 லிட்டர் கேன் இரண்டு பேருக்கு இரண்டு நாள்.

எங்கே மாட்டும்

வடகிழக்குப் பருவமழை கரிசலில் பெய்தால் வண்டிப்பாதையில் இறங்கவே இறங்காதீர்கள். மணலில் சிக்கினால் டயர் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி வெளியே வரலாம். கரிசல் அப்படியில்லை: மண் டயர் பள்ளத்தை அடைத்து, மட்கார்டு வரை அப்பி, சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துவிடும். காற்றை இறக்கினால் இன்னும் அப்பும். டிராக்டர் வரும்வரை காத்திருப்பதுதான் வழி. தார் ரோட்டில் நின்றே பாருங்கள். மழை விட்டு மேல்மண் வெடிக்கத் தொடங்கியபின் இறங்கலாம்.

நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பக்கம் பாறுக் கழுகு (பிணந்தின்னிக் கழுகு) பார்க்க இந்த ஏற்பாடு உதவாது. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) வேண்டும். முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடல். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அபராதம். அங்கே மசினகுடியில் அறை எடுத்துக்கொண்டு, வேனை அறை வாசலில் நிறுத்திவிடுங்கள்.