ஹீலியத்தைக் குளிர்விக்க: பிஸ்டனா, டர்பைனா?

கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே வேலை பழகியவன் நான். பிஸ்டன் என்றால் தனிப் பாசம். ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரத்திலும் அது உண்டு, ஆனால் எரிபொருள் கிடையாது. அழுத்திய வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும்; அந்த வேலைக்குத் தன் சக்தியையே செலவழிப்பதால் குளிர்ந்துபோகும். 1934இல் ரஷ்ய இயற்பியலாளர் கபிட்சா இப்படித்தான் செய்தார். 1940களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கொலின்ஸ் அதை ஆய்வுகூடங்கள் வாங்கிப் பூட்டும் இயந்திரமாக்கினார்.

எதையும் தள்ளாமல், ஒடுங்கிய வால்வு வழியே வாயுவை விரியவிட்டால் போதாதா? போதாது. சுமார் 45 கெல்வினுக்கு (மைனஸ் 228 பாகை செல்சியஸ்) கீழே இறக்காமல் வால்வில் விட்டால் ஹீலியம் சூடாகும், குளிராது! கடைசியில் 4.2 கெல்வினுக்கு இறக்குவதுதான் வால்வின் பங்கு.

டர்பைன் வேறு ரகம். இங்கே விரியும் வாயு பிஸ்டனைத் தள்ளாமல் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். கைக்குள் அடங்கும் சில்லு, நிமிடத்துக்கு லட்சம் சுற்றைக்கூடத் தாண்டும். தண்டு வாயுப் படலத்தில் மிதப்பதால் எண்ணெய் வேண்டாம், தேய்மானமும் இல்லாத மாதிரிதான். பிஸ்டனில் சீலும் வால்வும் தேயும், அடிக்கடி கழற்ற வேண்டும். ஆனால் கழற்றலாமே! டர்பைனுக்குள் கொஞ்சம் ஈரமோ தூசியோ போய் உறைந்தால் சரி, அவ்வளவுதான். முழுசாக மாற்ற வேண்டும்.

பெரிய ஆலைக்கு டர்பைன்தான், கேள்வியே இல்லை. வாயு ஓட்டம் குறைந்த சின்ன ஆய்வுகூடத்துக்கு, கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆளும் இருந்தால், நான் பிஸ்டன் பக்கம்.