சென்னை – சான் பிரான்சிஸ்கோ: சிங்கப்பூர் வழியா, துபாய் வழியா?

தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. வயது 68, மூட்டுவலி, தமிழ் மட்டும்தான் பேசுவார். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாயா சிங்கப்பூரா என்று இரண்டு வாரம் யோசித்து, சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டேன்.

தூரத்தை மட்டும் பார்த்தால் துபாய்தான் முன்னால் நிற்கிறது. நேர்க்கோட்டில் சென்னையிலிருந்து சுமார் 14,000 கி.மீ. துபாய் வழியாகப் போனால் ஏறக்குறைய 16,000, சிங்கப்பூர் வழியாக 16,500. துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் பூமிப்பந்தில் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது. ஆனால் அந்த 500 கி.மீ. லாபம் கடிகாரத்தில் தெரிவதில்லை. கிழக்கு நோக்கிப் பசிபிக்கைக் கடக்கும்போது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. இரண்டு ஊர்களிலிருந்தும் நீண்ட பயணம் பதினைந்து, பதினாறு மணி நேரம்தான். முதல் கட்டமும் இரண்டிலும் நாலே கால் மணி நேரம் வாக்கில். கட்டணம், நான் பார்த்த அன்று, துபாய் வழியில் கொஞ்சம் குறைவு. சாப்பாடு, பெட்டி எடை எல்லாம் பெரிய வித்தியாசமில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒன்றே ஒன்று: இணைப்பு விமானம் தவறினால் என்ன ஆகும்? சில வருடம் முன்பு மேற்கு வழியாகப் போனபோது, ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பி ஏறினேன். முதல் விமானம் தாமதம். அடுத்தது கிளம்பிவிட்டது. மறுநாள்தான் இடம் கிடைத்தது. எனக்கே அந்த இரவு பெரும்பாடு. அம்மாவை அப்படி உட்கார வைக்க மனசு வரவில்லை. துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு நிறுவனம்தான் நேராகப் பறக்கிறது. சிங்கப்பூரிலிருந்து இரண்டு நிறுவனங்கள் பறக்கின்றன. ஒன்று தவறினால் அடுத்ததில் இடம் கேட்க வழி இருக்கிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதும் எனக்குத் தைரியம். சக்கர நாற்காலி தள்ளி வந்த பெண் தமிழிலேயே பேசினாராம். இது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், எல்லோருக்கும் அமையும் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு கட்டமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் தாமதத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அம்மா இரவு பதினொரு மணிக்குச் சென்னையில் ஏறினார். சிங்கப்பூரில் மூன்றரை மணி நேரம் இருந்துவிட்டு, காலை ஒன்பதே காலுக்கு அடுத்த விமானம். தேதிக்கோட்டைத் தாண்டுவதால், சிங்கப்பூரில் கிளம்பிய அதே தேதியில் காலை பத்து மணிக்குள் தங்கை ஊரில் இறங்கிவிட்டார். மொத்தம் 23 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

திரும்பும்போது கதை வேறு. காற்று எதிராக வீசும். சிங்கப்பூருக்குப் பதினாறிலிருந்து பதினேழு மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் அந்தக் காற்றின் வேகமும் கூடும். துருவப் பாதையில் இவ்வளவு வித்தியாசம் வராது என்பதால், திரும்பி வர மட்டும் துபாய் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். இரண்டு பக்கமும் நான் போய் வந்தது ஒவ்வொரு தடவைதான்.

ஜனவரியில் அம்மா திரும்புகிறார். கால் வீங்காமல் அடிக்கடி எழுந்து நடக்க நடைபாதை ஓர இருக்கை எடுத்து, அதையும் சிங்கப்பூர் வழியாகவே போட்டிருக்கிறேன்.