13 வருட ஒப்பந்தம்: ஒரு மின்னசோட்டா ரசிகரின் நீண்டகால அனுபவம்

2012 ஜூலை 4 அன்று, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான NHL-இல் ஆடும் மின்னசோட்டா வைல்ட் அணி, ஸாக் பாரிஸே, ரயன் சூட்டர் இருவரையும் ஒரே நாளில் வாங்கியது. ஃப்ரீ ஏஜென்ட் (பழைய ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்றிருக்கும் வீரர்) சந்தையின் இரண்டு பெரிய பெயர்கள். ஆளுக்கு 13 வருடம், 9.8 கோடி டாலர். அதற்கு முந்தைய நான்கு சீசன்களில் அணி பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பக்கமே போயிருக்கவில்லை. பாரிஸே மினியாபொலிஸில் பிறந்தவர் வேறு. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் சில வருடங்களில் கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது. 2013 முதல் ஆறு முறை தொடர்ந்து பிளேஆஃப். 2013-14 சீசனில் சூட்டர் ஆட்டத்துக்குச் சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றார். 60 நிமிட ஆட்டத்தில் ஒரு டிஃபென்ஸ் வீரருக்கு அது அசுர உழைப்பு. ஆனால் இரண்டாம் சுற்றைத் தாண்டியதே இல்லை. 2013, 2014, 2015 என மூன்று வருடமும் எங்களை வீட்டுக்கு அனுப்பியது சிகாகோதான்.

சரி, எதற்கு 13 வருடம்? ஒரு அணி ஒரு சீசனில் வீரர்களுக்குச் செலவிட லீக் ஒரு சம்பள உச்சவரம்பு வைத்திருக்கிறது; அதில் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையின் வருடச் சராசரிதான் கணக்காகும். முதல் மூன்று வருடத்துக்கு 3.5 கோடி, கடைசி மூன்று வருடத்துக்கு மொத்தமே 40 லட்சம். அந்த வால் பகுதி, சராசரியை 75 லட்சம் சொச்சத்துக்கு இறக்கத்தான் ஒட்டப்பட்டது. பிறகு 2012-13 லாக்அவுட் (வீரர்களுடனான தகராறில் அணி உரிமையாளர்கள் ஆட்டங்களை நிறுத்தியது) வந்தது. அப்போது வந்த புது விதிகளில் ஒப்பந்தம் அதிகபட்சம் சொந்த வீரருக்கு 8, வெளியாளுக்கு 7 வருடம்தான் என்றானது. பழைய நீண்ட ஒப்பந்தக்காரர் சீக்கிரம் ஓய்வு பெற்றால் அணிக்குத் தண்டனை என்றும் ஆனது. மலிவாக்க ஒட்டிய வாலே சுருக்குக் கயிறாகிவிட்டது.

2017-ல் பாரிஸேவுக்கு முதுகு அறுவை சிகிச்சை. 2021 ஜூலையில் இருவரையும் பைஅவுட் செய்து (பாக்கிப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடிப்பது; அதுவும் உச்சவரம்பில் கணக்காகும்) அனுப்பினார்கள். 2023-24, 2024-25 இரண்டு சீசன்களிலும் உச்சவரம்பில் தலா 1.47 கோடிக்கு மேல், இல்லாத ஆட்களுக்காகப் போனது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. முதலாளியின் பணம் போனால் எனக்கென்ன? ஒரே சீசனில் 85 புள்ளி (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்த கெவின் ஃபியாலாவை 2022-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்ப வேண்டியிருந்ததுதான் வலித்தது. (பதிலுக்கு இளம் டிஃபென்ஸ் வீரர் ப்ராக் ஃபேபர் வந்தார் என்பதால் ரொம்பவும் புலம்ப மாட்டேன்.)

எல்லா நீண்ட ஒப்பந்தமும் இப்படி முடிவதில்லை. சிகாகோ 2009-ல் மரியன் ஹோசாவை 12 வருடத்துக்கு எடுத்து லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை மூன்று முறை வென்றது. ஃபுளோரிடா 2019-ல் கோல்கீப்பர் செர்கெய் பாப்ரோவ்ஸ்கிக்கு 7 வருடம், 7 கோடி கொடுத்தபோது சிரித்தவர்கள் நிறைய. 2024, 2025 என அடுத்தடுத்து இரண்டு கோப்பை. ஆனால் இந்த இரண்டு அணிகளிலும் கோப்பைக்கான இளம் கூட்டம் கூடவே தயாராகிக்கொண்டிருந்தது. எங்களிடம் அது இல்லை. இருவரை வாங்கி அதை ஈடுகட்டப் பார்த்தோம்.

என் மதிப்பெண்: முதல் ஐந்து வருடத்துக்கு நான்கு நட்சத்திரம், மிச்சத்துக்கு ஒன்று. தொகையை விட வருடங்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். 30 வயதை நெருங்கும் வெளியாளுக்கு நாலைந்து வருடம், வருடச் சம்பளம் கூடுதலாகவே இருக்கட்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு அணிக்குப் போகட்டும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, 2025-ல் எங்கள் நட்சத்திர வீரர் கிரில் கப்ரிசோவுக்கு 8 வருடம், 13.6 கோடி கொடுத்ததைக் கேட்டு நானும் கைதட்டினேன். அவர் நம் அணியிலேயே வளர்ந்தவர், அது வேறு கணக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 37. பாரிஸேவை அனுப்பியபோது அவருக்கு 36.