கொடைக்கானலில் 'ஐந்து நட்சத்திர' விடுதி: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆனது. மண்டபம், பந்தி எதுவும் வேண்டாம், இரண்டு நாள் எங்காவது குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப்போ என்று அப்பா சொல்லிவிட்டார். டிசம்பர் கடைசி வாரம் மகளுக்கு அரையாண்டு விடுமுறை. மதுரைக்காரர்களுக்குக் குளிர் என்றால் கொடைக்கானல்தான், வேறு யோசனையே ஓடவில்லை. வழக்கமாகத் தங்கும் லாட்ஜ் வேண்டாம், இந்த ஒரு தடவை நல்ல இடமாக இருக்கட்டும் என்று நான் நினைத்ததில்தான் ஆரம்பித்தது எல்லாம்.

புதிதாகத் திறந்த விடுதி. அவர்களுடைய இணையதளத்தில் 'ஐந்து நட்சத்திர சொகுசு', 'திறப்பு விழாச் சலுகை'. 24,000 ரூபாயை அடித்துவிட்டு 14,500 என்று போட்டிருந்தார்கள். இரண்டு அறை, இரண்டு இரவு, 58,000. ஒரு இரவுக்கு 7,500-க்கு மேல் வாடகை போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 68,440. முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும், ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. கூட்டம் நெரியும் நேரம், இப்படித்தான் இருக்கும் என்று கட்டிவிட்டேன்.

நான் கோட்டை விட்ட இடம் ஒன்று உண்டு. இணையதளத்துப் படங்களை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீச்சல் குளத்தைச் சுற்றி வரிசையாகப் பனை மாதிரி அலங்கார மரங்கள், கடற்கரை ரிசார்ட்டில் நிற்பது போல. ஏழாயிரம் அடி உயரத்தில், பைனும் யூகலிப்டஸும் நிற்கிற மலையில்! எல்லாமே கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள். கட்டிடம் எழும்புவதற்கு முன்பே ஆர்கிடெக்ட் போட்டுக் கொடுத்தவையாக இருக்கும். ஒரு படத்தில்கூட நிஜ மனுஷன் இல்லை.

இ-பாஸ் எடுத்து, வத்தலக்குண்டில் டீ குடித்து, மலையேறிப் போய்ச் சேர மதியம் இரண்டு மணி. வாசலில் ஜல்லியும் எம்சாண்டும் குவிந்து கிடந்தன. வரவேற்பறை மட்டும் பளபளவென்று இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கொடுத்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் எங்கே என்று கேட்டேன். "இன்ஸ்பெக்‌ஷன் இன்னும் முடியல சார், ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார் மேனேஜர். மின் ஆய்வுத் துறையிடம் உரிமம் வாங்காமல் லிஃப்டை இயக்கக் கூடாது என்பது சட்டம், அந்த வகையில் அவர்கள் ஓட்டாமல் விட்டது சரிதான். ஆனால் அதை முன்பதிவின்போது சொல்லியிருக்க வேண்டாமா? அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் தேய்மானம். கீழ்த்தளத்தில் அறை கேட்டால், "கிரவுண்ட் ஃப்ளோர் இன்னும் ஹேண்ட்ஓவர் ஆகல சார்" என்றார்கள். அப்பா ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஏறினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அறைக்குள் பெயின்ட் வாடை, ஃபெவிகால் வாடை. அப்பாவுக்கு வீசிங் உண்டு, ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் டிசம்பர் மாதத்துக் கொடைக்கானல் குளிர் உள்ளே வருகிறது. ரூம் ஹீட்டர் கேட்டேன். ஒரு இரவுக்கு ஒரு ஹீட்டருக்கு 500 ரூபாய் தனி என்றார்கள். 14,500 ரூபாய் அறைக்கு! 'ஏரியைப் பார்த்த பால்கனி' என்பதும் முழுப் பொய் இல்லை. எதிரே அவர்களே கட்டிக்கொண்டிருந்த இன்னொரு பிளாக்குக்கும் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்துக்கு ஏரி தெரிந்தது. நீச்சல் குளத்தில் சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மகள் போட்டோ எடுத்து வைத்தாள், அதுதான் பின்னால் உதவியது.

வெந்நீர் வரவில்லை. இரவு எட்டு மணிக்கு இரண்டு பையன்கள் மூன்று மாடி ஏறி வாளியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அசாமிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம், யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'பஃபே காலை உணவு' என்பது பூரி, பிரெட் ஆம்லெட், அவ்வளவுதான். ஆள் குறைவாக இருந்தால் பஃபே போட மாட்டார்களாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டைல்ஸ் வெட்டும் மிஷின் சத்தத்தில்தான் எழுந்தோம். கீழே போனேன். டைல்ஸ் ஒட்டுகிற ஒருவர், திண்டுக்கல் பக்கத்து ஆள், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, உங்கள எப்படி இங்க தங்க விட்டாங்க? எங்க வேலையே தை கடைசியிலதான் முடியும்." மேனேஜரிடம் போய் இதைச் சொன்னபோதுதான் அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டேன்: 'சாஃப்ட் ஓப்பனிங்'. அதாவது வேலை முடிவதற்குள் திறந்து, வருகிறவர்களை வைத்து ஒத்திகை பார்ப்பது. நல்ல விடுதிகளும் இப்படித் திறப்பதுண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாடகையைக் குறைப்பார்கள். இவர்கள் மூச்சு விடவில்லை, சலுகை என்ற பெயரில் முழு வாடகையையும் வாங்கிவிட்டார்கள். அந்த 24,000-க்கு அங்கே ஒருவராவது தங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

நட்சத்திரச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றேன். "அப்ளை பண்ணப் போறோம் சார்." ஒரு விடுதிக்கு நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகம். விடுதி தானாக விண்ணப்பித்து, குழு நேரில் வந்து பார்த்து, ஐந்து வருஷத்துக்குக் கொடுக்கிற தகுதி அது. இது எனக்கு அதுவரை தெரியாது. போர்டில் எழுதியிருந்தால் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கிளம்பிவிடலாம் என்றால் விடுமுறை நெரிசல், வேறு எங்கும் அறை இல்லை. அன்று இரவும் அங்கேயே. அம்மா மட்டும், "விடுப்பா, ஊருக்குப் போய் நாலு இட்லியச் சாப்ட்டாச் சரியாப் போயிரும்" என்றார்.

கடைசி நாள் பில். சாப்பாடு 7,400, அதில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 740, நான்கு ஹீட்டர் கணக்கு 2,000, எல்லாவற்றின் மேலும் ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அந்த உத்தரவு செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்புக் கொடுத்தது. நான் இதைச் சொன்னதும் மேனேஜர், "சிஸ்டத்துல எடுக்க முடியாது சார்" என்றார். அப்பா காரில் குளிரோடு உட்கார்ந்திருந்தார். கட்டிவிட்டு, பில்லை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டேன். கூடவே 'அடுத்த முறை 30 சதவீதம் தள்ளுபடி' என்று ஒரு வவுச்சர் கொடுத்தார்கள். துணிச்சல்தான்.

வீட்டுக்கு வந்து அவர்களைப் பற்றி வந்திருந்த விமர்சனங்களை நிதானமாகப் படித்தேன். நாற்பது சொச்சம் பேர், எல்லோரும் ஐந்துக்கு ஐந்து, எல்லாமே இரண்டு வாரத்துக்குள் எழுதியவை. ஒருவர் 'ஸ்விம்மிங் பூல் சூப்பர், தண்ணீர் இதமான சூடு' என்று எழுதியிருந்தார். சிமென்ட் மூட்டைமேல் நீந்தியிருப்பார் போல. புது விடுதி என்றால் ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில் தேடுங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் அதுவே கவலைப்பட வேண்டிய விஷயம். விருந்தினர் எடுத்த படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: வளாகத்தில் கட்டிட வேலை நடக்கிறதா, லிஃப்ட் ஓடுகிறதா, வெந்நீர் எத்தனை மணி நேரம் வரும். பதிலை வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தை முன்னாலேயே கேட்டால் விட்டுவிடுங்கள், நூறு ரூபாய் கூடினாலும் நேரில் பார்த்துவிட்டுக் கட்டலாம் என்கிற இடமே மேல்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னேன். மூன்றாம் வாரம் ஹீட்டர் பணமும் சர்வீஸ் சார்ஜும் வரியோடு 3,233 ரூபாய் திரும்பி வந்தது. அறை வாடகையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாக வழக்குப் போட்டிருக்கிறேன். விடுதி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம் என்கிறது 2019-ஆம் வருஷச் சட்டம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வழக்கு நடப்பதால் விடுதியின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். பனைமரப் படம் மட்டும் போன வாரம் இணையதளத்திலிருந்து காணாமல் போயிருக்கிறது. நான் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன். விசாரணைத் தேதி வந்ததும் மீதியை எழுதுகிறேன்.