பெயிண்ட்பாலுக்கு வீட்டில் செய்த ஹெல்மெட்: கண்ணாடியை அதிலேயே பொருத்துவதா, முகமூடியை உள்ளே அணிவதா?

பெயிண்ட்பால் என்பது சாயம் நிரப்பிய குண்டுகளால் ஒருவரை ஒருவர் சுட்டு ஆடும் விளையாட்டு. அதில் கதை வைத்து ஆடும் பெரிய ஆட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஜிம் தோர்ப்பில், இரண்டாம் உலகப் போரின் நார்மண்டித் தரையிறக்கத்தை மையமாக வைத்து நடக்கும் ஆட்டம் அவற்றில் பெயர்பெற்றது. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு வேடம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் சட்டையோடும் தொப்பியோடும் நிறுத்திக்கொள்வதில்லை. ஹெல்மெட்டையும் தாங்களே செய்து மாட்டிக்கொண்டு வருகிறார்கள். நானும் விண்வெளி வீரன் பாணியில் ஒன்று செய்தேன். தங்க நிறக் கண்ணாடி, இரு கன்னங்களிலும் காற்றுக் குழாய், பின்னந்தலையில் ஒரு சிறு விளக்கு என்று மனம் போனபடி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதை அணிந்துகொண்டு குண்டு பாயும் இடத்தில் ஓட வேண்டும் என்றால், முதலில் கண்ணுக்கு வழி செய்தாக வேண்டும்.

பெயிண்ட்பால் குண்டின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது சுமார் 17 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 3 கிராம். திறந்தவெளி மைதானங்களில் வேக வரம்பு பொதுவாக நொடிக்கு 300 அடி. 280 அடியோடு நிறுத்தும் மைதானங்களும் பல. 300 அடி வேகத்தில் அந்தக் குண்டு கொண்டுவரும் ஆற்றல் சுமார் 12 ஜூல். கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியில் பாதியையாவது வாங்கிக்கொள்ளும். பெயிண்ட்பால் குண்டோ கண்குழியை விடச் சிறியது. எலும்பைத் தொடாமல் நேரே விழியில் போய் இறங்கும். விழிக்குள் ரத்தக் கசிவு, விழித்திரை விலகல், சில நேரம் கண்ணே போவது என்று மருத்துவர்கள் எழுதி வைத்திருப்பதெல்லாம் இதனால்தான்.

வழிகள் நான்கு பேசப்படுகின்றன. இரண்டை இங்கேயே கழித்துவிடலாம். ஹெல்மெட்டுக்குள் பட்டறைக் கண்ணாடி அணிந்துகொள்வது முதலாவது. 1981 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிகரில் பன்னிரண்டு பேர் மரங்களுக்கு அடையாளமிடும் பெயிண்ட் துப்பாக்கியை வைத்து முதல் ஆட்டம் ஆடியபோது இதற்கென்று முகமூடியே கிடையாது. பட்டறைக் கண்ணாடியோடு ஆடிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதற்குத் தேவை இல்லை. பட்டறைக் கண்ணாடிகளுக்கான ஆன்சி இசட்87.1 தரத்தில், மூடிய வகைக் கண்ணாடி மீது கால் அங்குல எஃகுக் குண்டை நொடிக்கு 250 அடி வேகத்தில் அடித்துச் சோதிக்கிறார்கள். கணக்குப் போட்டால் அது 3 ஜூல்தான். ஏர்சாஃப்ட் என்ற இன்னொரு துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறவர்களின் கம்பிவலைக் கண்ணாடி இரண்டாவது. அது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணிக்குச் செய்தது. பெயிண்ட்பாலுக்கு முன் வலை நெளியும். உடைந்த குண்டின் தோலும் சாயமும் துளை வழியாகக் கண்ணுக்குள் போகும்.

எஞ்சியவை இரண்டு. ஹெல்மெட்டின் கண் திறப்பிலேயே பாலிகார்பனேட் என்ற, எளிதில் உடையாத தெளிவான பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்துவது ஒன்று. பெயிண்ட்பாலுக்கென்று சான்று பெற்ற முகமூடியை அப்படியே முகத்தில் கட்டிக்கொண்டு, அதன் மேல் ஹெல்மெட்டை வெறும் ஓடாக மாட்டிக்கொள்வது மற்றொன்று. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தேன். முதலாவதை ஆட்டக் களத்துக்குப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

ஆனாலும் முதல் வழியின் அழகை மறுக்க முடியாது. தகட்டை வளைத்துப் பொருத்திய ஹெல்மெட் கச்சிதமாக இருக்கும். முகத்தை ஒட்டி நிற்கும். தலை பெரிதாகத் தெரியாது. செலவும் குறைவு; கண் திறப்புக்குப் போதுமான 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் துண்டு சில டாலருக்குள் முடிந்துவிடும். அக்ரிலிக் என்ற வேறு பிளாஸ்டிக்கை மட்டும் தவறியும் வாங்கிவிடக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அடிபட்டால் அக்ரிலிக் கூரிய சில்லுகளாகத் தெறிக்கும்.

தகடு வலுவானதுதான். அதைப் பிடித்து நிறுத்துவது எது என்பதுதான் கேள்வி. பெயிண்ட்பால் முகமூடிகளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்1776 தரம் லென்ஸை மட்டும் பார்ப்பதில்லை. சட்டமும் லென்ஸும் சேர்ந்த முழுச் சாதனத்தைச் சோதிக்கிறது. முகமூடியிலிருந்து லென்ஸைக் கழற்றி ஹெல்மெட்டில் ஒட்டினால்கூட அந்தச் சான்று அங்கேயே முடிந்துபோகிறது. வீட்டு வேலையில் தகடு உடையாமலே இருக்கலாம். ஒட்டிய பசை விட்டுக்கொடுத்துத் தகடு மொத்தமாக முகத்தை நோக்கி உள்ளே வரலாம். பசைக்குப் பயந்து துளையிட்டுத் திருகாணி போட்டால், அந்தத் துளையின் விளிம்பில்தான் முதல் விரிசல் தொடங்கும். இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. பாலிகார்பனேட்டுக்குக் கரைப்பான்கள் ஆகாது. அசிட்டோன், ஸ்பிரே பெயிண்ட், சூப்பர் குளூ, அம்மோனியா கலந்த ஜன்னல் துடைப்பு நீர் எல்லாமே, வளைத்து இறுக்கப்பட்ட தகட்டில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். வேட ஹெல்மெட் செய்கிற மேசையில் இவற்றைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஹெல்மெட்டை மரக்கட்டை மேல் வைத்து நாலு குண்டு சுட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த நாலு குண்டை அது தாங்கியது என்பதுதான் அதிலிருந்து தெரிவது. அடுத்த மாதம் பெயிண்ட் பூசிய பிறகு, வெயிலில் காரில் கிடந்த பிறகு அதே தகடு எப்படி இருக்கும் என்று அந்தச் சோதனை சொல்லாது.

இவ்வளவையும் ஒருவர் கவனமாகச் சமாளித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் முகமூடியின் பக்கம்தான் நிற்பேன். காரணம், ஆவி படிதல். பெயிண்ட்பாலில் கண் காயங்களில் பெரும்பாலானவை முகமூடி உடைந்து நேர்ந்தவை அல்ல. முகமூடி முகத்தில் இல்லாத நேரத்தில் நேர்ந்தவை. களத்தின் நடுவில் ஏன் ஒருவர் முகமூடியைத் தூக்குகிறார்? எதிரே ஒன்றும் தெரியவில்லை, துடைக்க வேண்டும், அதனால் தூக்குகிறார். ஒரு நொடிதானே என்று நினைக்கும் அந்த நொடியில் யாரோ ஒருவர் புதருக்குப் பின்னாலிருந்து சுடுகிறார். ஆகவே வீட்டில் செய்த ஹெல்மெட் பாதுகாப்பானதா என்று கேட்பதும், அதற்குள் இருபது நிமிடம் ஓடிய பிறகும் கண் தெரிகிறதா என்று கேட்பதும் எனக்கு ஒரே கேள்விதான்.

கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடிக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வதைப் போலத்தான் மூடிய ஹெல்மெட்டிலும் நடக்கிறது. மூச்சின் ஈரமும் முகத்தின் வியர்வையும் மேலே ஏறி, வெளிக்காற்றால் குளிர்ந்திருக்கும் கண்ணாடியின் உட்பக்கத்தில் படிகின்றன. முகமூடியில் வரும் தெர்மல் லென்ஸ் இதை வேரிலேயே தடுக்கிறது. அதில் இரண்டு அடுக்குகள் உண்டு, நடுவில் காற்று, ஓரம் முழுக்க நுரைப்பட்டை வைத்து அடைத்திருப்பார்கள். வெளி அடுக்கு குளிர்ந்தாலும் உள் அடுக்கு முகத்தின் வெதுவெதுப்பிலேயே இருப்பதால் ஈரம் அவ்வளவு எளிதில் படியாது. போதாததற்கு உட்பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சும் பூச்சும் இருக்கும். வாயும் மூக்கும் வரும் இடத்தில் முகமூடியின் கீழ்ப்பகுதி முழுக்கத் திறப்புகள். மூச்சு முன்பக்கமாகவே வெளியே போய்விடும். இந்த மூன்றையும் ஒற்றைத் தகட்டை வைத்து வீட்டில் உருவாக்க முயன்றவர்களின் ஹெல்மெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆவி படியாமல் தடுக்கும் திரவத்தைத் தடவிக்கொண்டு களமிறங்குவார்கள். வேர்த்துக் கொட்டத் தொடங்கியதும் அது வழிந்துபோகும்.

ஆனால் நல்ல முகமூடியை வாங்கி மூடிய ஓட்டுக்குள் திணித்தால் அதுவும் ஆவி கட்டும். முகமூடிக்குக் கிடைக்க வேண்டிய காற்றை ஓடு மறித்துவிடுகிறது. எனவே முதல் விதி, ஓட்டில் திறப்புகள் வெட்டிக் காற்றுக்கு வழி விடுவது. உண்மையான வேலை அதில்தான். என் ஹெல்மெட்டின் வாய்ப்பகுதியில் இருந்த அலங்காரக் கம்பிகளுக்கு இடையே வெட்டி எடுத்து, முகமூடியின் மூச்சுத் திறப்புகளுக்கு நேராக வழி விட்டேன். வெளியிலிருந்து முகமூடி தெரியாமலிருக்க, கறுப்புச் சாயம் பூசிய மெல்லிய வலையை அதன் பின்னால் வைத்தேன். கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி. உச்சியில் ஒரு சிறு மின்விசிறி. அது காற்றை உள்ளே ஊதாமல் உள்ளிருப்பதை வெளியே இழுக்கும். கீழேயிருந்து புதுக்காற்று தானாக ஏறிவரும். நான் பவர் கண்ணாடி அணிகிறவன். தெர்மல் லென்ஸ் தெளிவாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் என் கண்ணாடியில் ஆவி படியும். விசிறி அதையும் தீர்த்தது. காதுப்பகுதியிலும் துளைகள் வேண்டும். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நடுவர் கத்துவது காதில் விழாவிட்டால் அதுவே தனி ஆபத்து.

இரண்டாவது விதி, ஹெல்மெட் ஓடும் முகமூடியும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக் கூடாது. முகமூடி தன் வாரைக் கொண்டு தலையில் தானாக நிற்க வேண்டும். ஓட்டின் உள்பஞ்சு தலையில்தான் உட்கார வேண்டும், முகமூடியின் மேல் அல்ல. என் ஹெல்மெட் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. காந்தங்களும் எலாஸ்டிக்கும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. மரக்கிளையில் மாட்டினாலோ யாராவது மோதினாலோ பாதி கழன்று விழும். விழட்டும், முகமூடி முகத்தில் இருக்கும். செய்து முடித்ததும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, குனிந்து, தலையை உதறி, ஓட்டை நாலாபக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இழுக்கும்போது முகமூடியின் நுரைவிளிம்பு கன்னத்தை விட்டு இம்மியளவு எழும்பினாலும் வேலை முடியவில்லை என்று பொருள். கண் திறப்பையும் லென்ஸின் விளிம்பு முழுதாகத் தெரியும் அளவுக்கு அகலமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் வருகிறவர் தெரிய மாட்டார்.

தங்க நிறக் கண்ணாடி ஆசையையும் இதற்காக விட வேண்டியதில்லை. பல முகமூடிகளுக்குத் தங்க, வெள்ளி நிறப் பூச்சுள்ள தெர்மல் லென்ஸ் தயாரிப்பாளர்களிடமே கிடைக்கிறது. அதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கார் கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிமை லென்ஸில் ஒட்ட வேண்டாம். அந்தப் பசையும் ஒரு வேதிப்பொருள்தான்.

பராமரிப்பிலும் முகமூடிதான் எளிது. லென்ஸ் தேய்ந்து போகும் பொருள். ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது மிக அருகிலிருந்து நேரடியாக அடி வாங்கியதும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். முகமூடியில் அதைக் கழற்றி மாட்ட நிமிடங்கள் போதும். ஒட்டிய தகட்டை மாற்ற ஹெல்மெட்டைப் பெயர்க்க வேண்டும். பூசிய சாயம் பாழாகுமே என்று மாற்றாமல் தள்ளிப்போடத்தான் தோன்றும். சுத்தம் செய்யத் தண்ணீரில் நனைத்த மென்துணி போதும். தெர்மல் லென்ஸை மட்டும் தண்ணீரில் முக்கக் கூடாது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் நீர் புகுந்தால் பிறகு அந்த லென்ஸ் உதவாது.

இந்த வழியின் குறை பருமன். தலை, அதன் மேல் முகமூடி, அதன் மேல் ஓடு என்று அடுக்கினால் ஹெல்மெட் உடம்புக்குப் பொருந்தாமல் பெருத்துவிடும். முகத்தோடு ஒட்டிய சிறிய வகை முகமூடியை முதலில் வாங்கி, அதை அணிந்துகொண்டு தலையை அளந்து, பிறகு ஹெல்மெட்டை வடிவமைத்தால் பாதி சிக்கல் தீரும். பருமனைக் குறைக்க முகமூடியின் தாடைப்பகுதியை அறுப்பவர்களும் இருக்கிறார்கள். அது கூடாது. மாற்றம் செய்த முகமூடியை மைதானங்கள் அனுமதிப்பதும் அரிது. செலவும் கூடத்தான் செய்யும்: தெர்மல் லென்ஸ் உள்ள நல்ல முகமூடி வெறும் தகட்டை விடப் பல மடங்கு விலை.

ஓட்டுக்கு ஈவிஏ ஃபோம் என்ற மென்மையான நுரைத்தகடு எனக்குப் பிடித்த பொருள். இலேசானது, அடிபட்டால் நெளிந்து மீளும், உடைந்து குத்தாது. முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் அழகாக வரும். ஆனால் கடினமான அடியில் விண்டுபோகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் கோணிக்கொள்ளும். ஃபைபர் கிளாஸ் ஓட்டை நண்பர் ஒருவர் அணிந்து ஆடியதைப் பார்த்ததோடு சரி. உறுதியாக இருந்தது, கனமாகவும் இருந்தது. அதற்கு மேல் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

நான் ஆடியதெல்லாம் கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான். பனிக்காலத்தில், வெளிக்காற்று உறைநிலையை நெருங்கும்போது இந்த விசிறியும் தெர்மல் லென்ஸும் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கு என் சொல்லை நம்ப வேண்டாம். முதல் முறை போகும்போது விசிறிக்கு மாற்று பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை முன்னதாகவே கழற்றி வைத்துவிட்டு வெறும் முகமூடியோடு ஆட்டத்தைத் தொடர்வதும் இந்த அமைப்பில் முடியும். அதை மட்டும் மைதானத்தின் பாதுகாப்பு வலைக்கு வெளியே வந்து செய்யுங்கள்.