சந்தபுரி துரியன் தோட்டத்தில் ‘தன்னார்வப் பணி’: 24,000 ரூபாய் கட்டிப் போய் நான் பார்த்த கூலியில்லா வேலை

2024ஆம் ஆண்டு மே மாதம், கிழக்குத் தாய்லாந்தின் சந்தபுரி மாகாணத்திலுள்ள ஒரு துரியன் தோட்டத்தில் மூன்று வாரம் தங்கி இயற்கை வேளாண்மை கற்றுவரலாம் என்று புறப்பட்ட நான், பதின்மூன்றாம் நாளே உடம்பு நொந்து ஊர் திரும்பினேன். சென்னையிலுள்ள இடைத்தரகருக்கு 24,000 ரூபாய், தோட்டக்காரருக்குத் தாய்லாந்து நாணயமான பாத்தில் 6,300, இவை போக விமானக் கட்டணம் என்று எல்லாம் என் கையிலிருந்தே போயின. அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொள்வது இத்தகையவர்களுக்கு ஒரு நாள் வேலை. ஏமாற்றும் முறைதான் மாறாது என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பண்ணைகளில் தன்னார்வலராகத் தங்கும் வழக்கம் புதிதன்று. 1971இல் இங்கிலாந்தில் சூ காப்பர்ட் என்பவர் தொடங்கிய ‘வூஃப்’ என்ற ஏற்பாடு இன்று பல நாடுகளில் நடக்கிறது. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பண்ணையில் கைகொடுத்தால், பண்ணைக்காரர் சாப்பாடும் படுக்க இடமும் தந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பார். இருவருக்கும் இடையே பணம் கைமாறாது. நான் பணம் கட்டியது இந்த அமைப்புக்கு அன்று. இதன் சாயலைக் கடன் வாங்கி ஒரு கைப்பேசி எண்ணையும் சில அழகான படங்களையும் வைத்துக்கொண்டு நடத்தப்படும் தனி வியாபாரத்துக்கு. ‘சேவைக் கட்டணம்’ என்று முதலில் ஒரு தொகையும், ‘உணவுப் பங்களிப்பு’ என்று நாளுக்கு 300 பாத்தும் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைக் காட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் வேலைக்கு வருகிறவரிடம் சோற்றுக்குக் காசு கேட்டால் ஊரே சிரிக்கும்.

அதைவிடத் தெளிவான எச்சரிக்கை ஒன்று புறப்படுவதற்கு முதல் நாள் வந்தது. “தம்பி, இமிகிரேஷன்ல கேட்டா ஊர் சுத்திப் பாக்க வந்தேன்னு மட்டும் சொல்லுங்க, பண்ணை, வேலைன்னு வாயே திறக்காதீங்க” என்று தரகர் தொலைபேசியில் சொன்னார். அப்போது இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தாய்லாந்தில் தங்கலாம் என்றிருந்ததால், அதைச் சின்ன நடைமுறைத் தந்திரமாகவே எடுத்துக்கொண்டேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் அந்த ஒரு வாக்கியம்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பாங்காக்கின் எக்கமாய் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் நான்கு மணி நேரப் பயணம். தோட்டத்தில் இறங்கியவுடன் ‘பதிவு செய்ய வேண்டும்’ என்று சொல்லி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்; மூன்று வாரத்துக்கான 6,300 பாத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். படத்தில் கண்ட மரவீடு தோட்டக்காரரின் உறவினர்கள் தங்கும் இடமாம். என்னைப் போலத் தன்னார்வலராக வந்திருந்த மூவரையும் சேர்த்து எங்கள் நால்வருக்கும் கிடைத்தது உரமூட்டை அடுக்கிய தகரக் கொட்டகையின் ஒரு பாதி. மின்விசிறி ஒன்று இருந்தது. குடிநீர் குடத்தில் வந்தது, நண்பகலுக்குள் தீர்ந்தது, மறுநாள் காலைதான் மீண்டும் வந்தது.

வெயில் நமக்குப் புதிதா என்ற இறுமாப்போடு போனவன் நான். கரூர் வெயில் சுடும், ஆனால் வேர்வை உடனே உலர்ந்து உடம்பைக் கொஞ்சமாவது ஆற்றிவிடும். சந்தபுரியில் மே மாதம் மழை தொடங்கும் காலம். காற்றே ஈரத் துணியைப் போல உடம்பில் ஒட்டிக்கொள்வதால், வேர்வை உலராமல் சட்டையை நனைத்துக்கொண்டு வழிகிறதே தவிர உடற்சூடு இறங்குவதில்லை. போதாக்குறைக்கு அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தாய்லாந்தில் வெப்ப அலையும் அடித்திருந்தது. இந்தச் சூழலில், ‘நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு’ என்று எழுதிக் கொடுத்திருந்தவர்கள், அறுவடைக் காலம் என்பதைக் காரணம் காட்டி, விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பி மாலை நான்கு மணி வரை ஒரு நாள்கூட விடாமல் வேலை வாங்கினார்கள்.

துரியன் அறுவடை பார்க்க அழகாக இருக்கும், செய்ய ஆபத்தானது. மரமேறி ஒருவர் காயைக் கம்பால் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்து முதிர்ச்சியைக் கணித்து, காம்பை அறுத்துக் கீழே விடுவார். கீழே நிற்பவர் இரு கைகளிலும் விரித்துப் பிடித்த கோணிச்சாக்கைச் சரியான நொடியில் சுழற்றி, முள் நிறைந்த அந்தக் காயைத் தரையில் படாமல் ஏந்த வேண்டும். மொந்தோங் வகைக் காய் ஒன்று சாதாரணமாக இரண்டு முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். பல ஆண்டு பழகிய கைகளுக்குரிய இந்த வேலையில், தலைக்கவசம் இல்லாமல், இரண்டாம் நாளே என்னை நிறுத்தினார்கள். என் இடது தோளில் இன்னும் வடு இருக்கிறது. எனக்குப் பக்கத்து மரத்தடியில் அதே சாக்கைப் பிடித்து நின்ற கம்போடியத் தொழிலாளிக்குக் கூலி உண்டு. நானோ நாளுக்கு 300 பாத் கொடுத்து அதே வேலையைச் செய்தேன். எங்களைப் போன்றவர்கள் வந்ததால் கூலியாட்கள் சிலரை அந்த ஆண்டு கூப்பிடவில்லை என்று அவர் சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாகச் சொன்னபோது வெட்கமாக இருந்தது.

‘இரசாயனம் தொடாத தோட்டம்’ என்ற பேச்சு ஐந்தாம் நாள் முடிவுக்கு வந்தது. மருந்தடிக்கும் வண்டியின் பின்னால் குழாயை இழுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். முகமூடி, கையுறை எதுவும் இல்லை. தாய் எழுத்து எனக்குத் தெரியாது என்றாலும் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை டப்பாவின் மேல் பிடித்தேன். எங்கள் ஊர் உரக்கடையில் விற்கும் அதே சைபர்மெத்ரின் பூச்சிமருந்து. தாய்லாந்தில் பாராகுவாட், குளோர்பைரிபாஸ் ஆகிய கொடிய மருந்துகளை 2020 ஜூன் முதல் தடை செய்துவிட்டார்கள் என்பதும், துரியன் பூச்சிக்கும் வேரழுகலுக்கும் ஆளாகும் பயிர் என்பதும் உண்மை. மருந்தடித்துப் பயிர் காக்கும் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, என் அப்பாவும் அடித்தவர்தான். இயற்கை வேளாண்மை கற்றுத்தருவதாகப் பணம் வாங்கியதுதான் பித்தலாட்டம்.

பதினோராம் நாள் நண்பகல், களை வெட்டிக்கொண்டிருந்தபோது வேர்வை நின்று, குமட்டலெடுத்து, கண் இருட்டி விழுந்துவிட்டேன். தோட்டக்காரர் வண்டி தரவில்லை. உடனிருந்த இன்னொரு தன்னார்வலர்தான் 1669 என்ற அவசர மருத்துவ எண்ணை அழைத்தார். வெப்பத்தால் வந்த மயக்கம், உடலில் நீர் வற்றிவிட்டது என்று சொல்லி ஓர் இரவு சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்தச் செலவைப் பயணக் காப்பீட்டில் கேட்டபோது, உடலுழைப்பு வேலையின்போது ஏற்பட்ட பாதிப்புக்கு ஈடு கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த விதி பொடி எழுத்தில் அங்கேயே இருந்தது.

புகார் கொடுக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். முடியவில்லை, அதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். தாய்லாந்தில் சம்பளம் வாங்காமல் செய்யும் தன்னார்வப் பணிக்கும் வேலை அனுமதி தேவை. அதற்கென்று ‘ஓ’ வகை விசா தனியே இருக்கிறது. அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. வேலைக்கு வைத்தவருக்கும் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 100,000 பாத் வரை அபராதம் உண்டு என்றாலும், அவர் தம் நாட்டில் இருக்கிறார், மொழி தெரிந்தவர், ‘விருந்தாளியாகத் தங்கியிருந்தார்’ என்று ஒரே வரியில் தப்பிவிடுவார். நானோ சுற்றுலா என்று சொல்லி நுழைந்தவன். ஏமாற்றப்பட்ட நானே முதல் குற்றவாளியாக நிற்கும்படி வாசலிலேயே என்னைப் பொய் சொல்லவைத்திருந்தார்கள்.

பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டபோது, மீதி நாள்களை முடித்துவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்துவைக்க எந்தத் தனியாளுக்கும் உரிமையில்லை என்று சொல்லி, அவர்கள் முன்பாகவே 1155 என்ற சுற்றுலாக் காவல்துறை எண்ணைக் கைப்பேசியில் அழுத்திக் காட்டினேன். அழைப்புப் பொத்தானைத் தொடுவதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். கட்டிய பணத்தில் ஒரு பாத்கூடத் திரும்பவில்லை. சென்னைத் தரகர், ‘சேவைக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

அதே மரவீட்டுப் படத்தோடு, வேறு பெயரில், அடுத்த அறுவடைப் பருவத்துக்கான விளம்பரம் சில மாதங்களில் வந்துவிட்டது. எந்த விசாவில் வர வேண்டும், வேலை அனுமதியை யார் எடுத்துத் தருவார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தொலைபேசியில் மட்டும் வந்தால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே அங்கே போய் மாட்டிக்கொண்டவர்கள் பாஸ்போர்ட்டின் நகலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடிந்தால் இந்தியத் தூதரகம் பாங்காக்கில் சுகும்வித் சாலையின் 23ஆம் சந்தில் இருக்கிறது.