முள் ஏறவில்லை: தெர்மோஸ்டாட்டா, சென்சாரா?

பாம்பன் பாலம் ஏறும்போது பாதியில் நின்ற டெம்பரேச்சர் முள், மண்டபம் தாண்டி உச்சிப்புளி வருவதற்குள் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. வெயில் கொளுத்துகிற ஊரில் இன்ஜின் சூடாகாவிட்டால் நல்லதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு கட்டும்.

சந்தேகம் முக்கியமாக இரண்டின் மேல்தான். தெர்மோஸ்டாட் என்பது, இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ரேடியேட்டருக்குப் போகாமல் அடைக்கும் வால்வு; அது மூடாமல் நின்றுவிட்டால் இன்ஜின் நிஜமாகவே குளிர்கிறது. கூலன்ட்டின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டால் இன்ஜின் சரியாக இருக்கும், முள்தான் பொய் சொல்லும்.

இரண்டையும் பிரிக்க, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஈசியூ காணும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரைச் செருகி இக்னிஷனை மட்டும் போடுங்கள். வெளியே 28 டிகிரி என்றால் கூலன்ட்டும் அதையொட்டியே காட்ட வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் சென்சாரோ அதன் வயரோ அறுந்திருக்கிறது. நம் கரையில் முதலில் சென்சாரில் வயர் செருகும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்; உப்புக் காற்றில் பின்கள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுத்தம் செய்தாலே பாதிக் கேஸ் முடிந்துவிடும்.

அளவு சரியாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள், ஃபேனில் கை படாமல். நல்ல தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரி வரை வழியை அடைத்திருக்கும். ஹோஸ் வெகுநேரம் சூடேறாமல் இருந்து, அப்புறம் சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து வெதுவெதுத்தால் அது திறந்தே கிடக்கிறது. ஊருக்குள் ஏறி, ஹைவேயில் இறங்கும் முள்ளும் அதையே சொல்கிறது.

ஃபேன் நிற்காமல் ஓடுவதைச் சிலர் குற்றம் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் ஒழுங்காக மூடினால், ஃபேன் மட்டும் இன்ஜினை அந்த அளவு குளிர வைக்க முடியாது. பல வண்டிகளில் சென்சார் வயர் அறுந்தாலே ஃபேன் தானாக ஓடத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்ஜின் ஆறியபின் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், உள்ளே கொதிக்கும்போதும் முள் கீழே கிடக்கும். அது ஆபத்து.

என் வண்டியில் தெர்மோஸ்டாட்தான். “இந்த ஊர் வெயிலுக்கு எதுக்கு அண்ணே, கழட்டிப் போட்டுரலாம்” என்றார் மெக்கானிக் தம்பி. நான் சம்மதிக்கவில்லை, கழற்றினால் இதே நோய் நிரந்தரமாகிவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் வால்வுக்கும் விளிம்புக்கும் நடுவே நொய்யரிசி அளவு துருச் சில்லு ஒன்று சிக்கியிருந்தது. அவசரத்துக்கு நானே ஊற்றிய உவர்க் கிணற்றுத் தண்ணீரின் வேலை. சில்லை எடுத்துவிட்டு, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினேன். 70 டிகிரியிலேயே வாயைத் திறந்தது. புதிது போட்டு, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் ஊற்றியபின் உச்சிப்புளியிலும் முள் பாதியிலேயே நிற்கிறது.